பழைய பாக்ஸ்டருக்கு என்ன விலை தகும்: நான்கு ஆண்டு வைத்திருந்து விற்றவரின் மதிப்பீடு

கடந்த ஏப்ரல் மாதம், கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரான என்னுடைய போர்ஷே பாக்ஸ்டரை விற்றேன். 2005 நவம்பரில் பதிவான, 987 என்று அறியப்படும் இரண்டாம் தலைமுறைக் கார் அது, 2.7 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர் மேனுவல், கருநீல நிறம். 74,000 மைல் ஓடியிருந்தபோது 8,400 பவுண்டுக்கு வாங்கி, நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு, 97,000 மைலில் 7,700 பவுண்டுக்குக் கொடுத்தேன். நான் விளம்பரம் கொடுத்த அதே வாரத்தில், அதே ஆண்டில் பதிவான, அதே எஞ்சின் கொண்ட இன்னும் இரண்டு கார்கள் லண்டனைச் சுற்றிய பகுதியில் விற்பனைக்கு இருந்தன. இரண்டும் என் காரைவிடக் குறைவாக ஓடியவை. ஒன்றுக்கு 5,500 பவுண்டு கேட்டும் ஆள் வரவில்லை. மற்றொன்று 9,000 பவுண்டு விளம்பரத்தோடு மூன்றே நாளில் கைமாறியது. ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் கொண்ட கார்களுக்குள் இவ்வளவு வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் இந்த மதிப்புரையில் எழுத விரும்புகிறேன். இந்தக் காரை ஓட்டும் இன்பத்தைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். வாங்கும்போதும் விற்கும்போதும் அதற்கு என்ன விலை தகும் என்று எப்படிக் கணக்கிடுவது என்பதைத் தமிழில் நான் இதுவரை படித்ததில்லை.

ஓட்டுவதைப் பற்றி ஒரு பத்தி மட்டும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால் அமர்ந்திருப்பதால் எடை நடுவில் கூடுகிறது. வளைவில் கார் தயங்காமல், ஸ்டியரிங் சொன்ன இடத்துக்குத் திரும்புகிறது. 240 குதிரைத்திறன், 1,295 கிலோ எடை. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு சாமான் அறைகள் இருப்பதால், இரண்டு பேர் ஒரு வாரப் பயணம் போகலாம். நானும் மனைவியும் ஸ்காட்லாந்து வரை போய் வந்தோம். ஆறு சிலிண்டர்களும் பக்கவாட்டில் படுத்திருக்கும் அந்த எஞ்சினின் ஒலி 5,000 சுற்றுக்கு மேல் மாறும்போது, ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்தது. 2016இல் வந்த 718 மாடலில் நான்கு சிலிண்டர் டர்போ எஞ்சின் புகுந்த பிறகு, பழைய ஆறு சிலிண்டர் பாக்ஸ்டர்களைத் தேடுவோர் கூடினார்கள் என்பது சந்தையைக் கவனிப்பவர்கள் அனைவரும் அறிந்தது.

இனி விலைக்கு வருவோம். பழைய பாக்ஸ்டரின் விலையைத் தீர்மானிப்பது ஓடிய மைலோ, பெயின்டின் பளபளப்போ அல்ல என்று நான்கு ஆண்டு அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன். வாங்குபவரின் மனத்தில் எஞ்சினைப் பற்றி எவ்வளவு அச்சம் மிஞ்சியிருக்கிறது என்பதே விலையைத் தீர்மானிக்கிறது. அந்த அச்சத்தைக் குறைக்கும் எதுவும் பணமாகிறது. குறைக்காத அலங்காரம் எதுவும் பணமாவதில்லை. ஆகவே அச்சத்தின் மூலத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

1996இல் வந்த முதல் பாக்ஸ்டரிலிருந்து 2008 வரையிலான எஞ்சின்களில் கிராங்க் தண்டுக்கும் கேம் தண்டுகளுக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு சுழல்கிறது. அதன் ஒரு முனையை, ஃப்ளைவீல் பக்கத்தில், ஒரு பேரிங் தாங்குகிறது. எல்லோரும் ஐஎம்எஸ் பேரிங் என்று அழைப்பது இதைத்தான். கிரீஸ் நிரப்பி இருபுறமும் மூடப்பட்ட இந்தப் பேரிங்கின் மூடியைத் தாண்டிக் காலப்போக்கில் எஞ்சின் ஆயில் உள்ளே கசிந்து, கிரீஸைக் கழுவிவிடுகிறது. பிறகு போதிய மசகு இல்லாமல் பேரிங் தேய்கிறது. அது உடைந்தால் வால்வுகளின் நேரக்கணக்கு தவறி, பிஸ்டன் வால்வுகளின் மேல் மோதுகிறது. எஞ்சின் அத்துடன் முடிந்தது. புது எஞ்சின் போடும் செலவு பல சமயம் காரின் விலையையே தாண்டிவிடும். எல்லாக் கார்களிலும் இது நடப்பதில்லை. கலிஃபோர்னியாவில் தொடுக்கப்பட்டுச் சமரசத்தில் முடிந்த கூட்டு வழக்கில் வெளிவந்த கணக்குப்படி, ஆரம்பகாலத்து இரட்டை வரிசைப் பேரிங்கில் பழுது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பின்னர் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்கில் அது சுமார் 8 விழுக்காடு. அந்த வழக்கு 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்களைப் பற்றியது. அதற்குப் பிறகு போர்ஷே பெரிய அளவுப் பேரிங்கைப் பொருத்தத் தொடங்கியது. அது வலுவானது என்று நிபுணர்கள் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் எஞ்சினைப் பிளக்காமல் அதைக் கழற்ற முடியாது.

என் காரைப் போன்ற 2005ஆம் ஆண்டு 987 இங்கேதான் சிக்கலில் மாட்டுகிறது. அந்த ஆண்டின் கார்களில் சிலவற்றில் சிறிய பேரிங்கும் சிலவற்றில் பெரிய பேரிங்கும் இருக்கின்றன. பதிவுத் தேதியை வைத்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் கார் தயாராகிப் பல மாதம் கழித்துப் பதிவாகியிருக்கலாம். நடுவில் எஞ்சின் மாற்றப்பட்டும் இருக்கலாம். கியர்பாக்ஸை இறக்கினால் மட்டுமே விடை கிடைக்கும்: பேரிங் மூடியின் நடுவில் தெரியும் நட்டு 13 மில்லிமீட்டராக இருந்தால் சிறிய பேரிங், 22 மில்லிமீட்டராக இருந்தால் பெரியது.

நான் வாங்கிய இரண்டாம் ஆண்டில் கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தது. போர்ஷே கார்களை மட்டுமே பார்க்கும் ஒரு தனியார் மெக்கானிக்கிடம் விட்டேன். கியர்பாக்ஸ் இறங்கியவுடன் அந்த நட்டின் மேல் 22 மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து, எஞ்சின் எண்ணும் தனியாகத் தெரியும்படி இரண்டு புகைப்படங்கள் எடுத்துத் தரும்படி அவரைக் கேட்டுக்கொண்டேன். கிளட்சுக்கு 1,050 பவுண்டு ஆனது. புகைப்படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. விற்கும் நாளில், நான்கு ஆண்டுகளில் நான் காருக்குச் செய்த எந்தச் செலவையும்விட அந்த இரண்டு படங்கள்தான் எனக்கு அதிகம் உதவின என்று தயங்காமல் சொல்வேன். 5,500 பவுண்டுக்கும் போகாத அந்த இன்னொரு காரின் உரிமையாளருக்கும் கிளட்ச் மாற்றிய ரசீது இருந்தது. எந்தப் பேரிங் இருக்கிறது என்பதை அந்த ரசீதில் யாரும் எழுதிவைக்கவில்லை.

இரண்டாவது அச்சம், சிலிண்டர் சுவரில் விழும் கீறல். இந்த எஞ்சின்களில் சிலிண்டரின் உட்சுவர் சிலிக்கான் துகள்கள் கலந்த அலுமினியத்தால் ஆனது. அந்தத் துகள்கள் பெயர்ந்தாலோ பிஸ்டனின் மேற்பூச்சு தேய்ந்தாலோ சுவர் உழப்படுகிறது. கூடுதல் திறன் கொண்ட வகையாகிய பாக்ஸ்டர் எஸ்ஸுக்கு 2007 மாடல் ஆண்டில் வந்த 295 குதிரைத்திறன் 3.4 லிட்டர் எஞ்சினில் இது அதிகம் பேசப்படுகிறது, 2.7 லிட்டரில் மிகவும் குறைவு. குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறிய பிறகு ஐடிலில் ஒரு பக்கம் டிக் டிக் என்று தாளம் கேட்டாலோ, ஆயில் அளவு மாதாமாதம் குறைந்தாலோ, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிறிய கேமராவை விட்டுப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. 2009 மாடலில் போர்ஷே புதிதாக வடிவமைத்த எஞ்சினைக் கொண்டுவந்தபோது இடைத்தண்டே இல்லாமல் போனது, 2.9 லிட்டர் 255 குதிரைத்திறன், எஸ் மாடலில் 3.4 லிட்டர் 310 குதிரைத்திறன். 2008 காருக்கும் 2009 காருக்கும் வெளித்தோற்றத்தில் விளக்குகளும் பம்பரும்தான் மாறியிருக்கின்றன. ஆனால் விலைப் பட்டியலில் அந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே ஒரு மதில் நிற்கிறது. அந்த மதிலின் உயரம் முழுவதும் மேலே சொன்ன அச்சம்தான். பணம் இருப்பவர்கள் 2009க்குப் பிந்தையதை வாங்குவதே நல்லது என்பதில் எனக்கு ஐயமில்லை. என்னிடம் இல்லாததால், அச்சம் மிகக் குறைவாக இருக்கும் மலிவான எஞ்சினாகிய 2.7ஐத் தேர்ந்தெடுத்தேன். எஸ் அல்லாத கார் விற்காது என்று பலர் சொன்னார்கள். 987இன் முதல் பாதியைப் பொறுத்தவரை, ஆராய்ந்து வாங்குபவர்கள் அப்படி நினைப்பதில்லை என்பதை விற்கும்போது கண்டேன்.

குறைவாக ஓடிய காருக்கு அதிக விலை என்பது பொதுவான நம்பிக்கை. நான் வாங்குவதற்கு முன் பார்த்த கார்களில் ஒன்று இந்த நம்பிக்கையை என்னிடமிருந்து எடுத்துவிட்டது. தெற்கு லண்டனில் ஒரு சிறிய விற்பனையாளரின் முற்றத்தில் நின்ற 2005 பாக்ஸ்டர் எஸ் அது, 38,000 மைல், மெழுகு பூசிய வெள்ளி நிறம், கேட்ட விலை 11,500 பவுண்டு. என்னுடன் வந்த சித்தப்பா மகன் அதன் உள்ளே அமர்ந்து பார்த்துவிட்டு, “அண்ணா, இவ்வளவு குறைவாக ஓடிய கார் இனிமேல் கிடைக்காது, பேசி முடித்துவிடுங்கள்” என்றான். நான் டயரின் பக்கத்தில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கத்தைப் பார்த்தேன்: 2312. அதாவது 2012ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். நான்கும் அப்படியே. பள்ளம் முழுதாக இருந்தது. ரப்பரில் வெடிப்பு ஓடியிருந்தது. அங்கேயே நின்று, கார் எண்ணைத் தட்டி அரசின் எம்ஓடி (ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயத் தகுதிச் சோதனை) வரலாற்றைப் பார்த்தேன். ஒன்பது ஆண்டுகளாக ஆண்டுக்கு 300, 400 மைல் மட்டுமே ஓடியிருந்தது. ஆயில் மாற்றிய ரசீதுகளைக் கேட்டதற்கு, ஓடாத காருக்கு ஆயில் எதற்கு என்று விற்பனையாளர் பதில் சொன்னார்.

அந்தப் பதிலோடு நாங்கள் கிளம்பிவிட்டோம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பி, கொட்டகையிலிருந்து வெளியே எடுத்து, இரண்டு மைல் ஓட்டித் திரும்ப நிறுத்தும் பழக்கத்தைப் போல இந்த எஞ்சினுக்குக் கேடு வேறில்லை என்று நிபுணர்கள் சொல்கிறார்கள். ஆயிலில் ஈரம் சேர்கிறது. அந்த ஆயில் மாற்றப்படாமல் ஆண்டுக்கணக்கில் பேரிங்கைச் சுற்றி நிற்கிறது. நான் போட்ட கணக்கு இது: புதிய டயர்கள், காய்ந்துபோன ரப்பர் பாகங்கள், பிரேக் திரவம், பெல்ட், பெரிய சர்வீஸ் ஆகியவற்றுக்கு 2,500 பவுண்டு, பேரிங்கைப் பற்றிய உறுதியின்மைக்கு இன்னும் 2,000 பவுண்டு. நான் மதிப்பிட்ட அளவில் அந்தக் கார் 7,000 பவுண்டுக்கு மேல் பெறாது. அதே மாதத்தில் நான் வாங்கிய 74,000 மைல் காருக்கு 8,400 பவுண்டு கொடுத்தது, தம்பிக்கு நீண்ட நாள் புரியவில்லை.

நான் வாங்கிய காரை வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தடித்த கோப்பு ஒன்றை மேசையில் வைத்து, தேநீர் கொடுத்து, ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை ஆயில். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம். முன்பக்க ரேடியேட்டர்களில் சேர்ந்த இலைகளை எடுத்த நாள் கூடக் குறிக்கப்பட்டிருந்தது. இந்த இலை விஷயம் சிறியதாகத் தோன்றும். பாக்ஸ்டரின் முன் பம்பரில் இருக்கும் இரண்டு வாய்களுக்கும் வலை கிடையாது. இலைகள் உள்ளே போய், ஏசி கண்டென்சர்களின் மேல் தங்கி, மழையில் ஊறி, அலுமினியத்தை அரித்துவிடுகின்றன. இரண்டு கண்டென்சர்களையும் மாற்ற 600 பவுண்டுக்கு மேல் ஆகும். இலையை எடுத்த நாளைக் குறித்து வைப்பவர், எஞ்சின் ஆயிலையும் தவறாமல் மாற்றியிருப்பார் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது சரியாகவே இருந்தது.

இங்கிலாந்தில் பழைய கார் வாங்குபவருக்கு எம்ஓடி வரலாறு ஒரு வரம். கார் எண் இருந்தால் போதும், கட்டணமில்லை. மூன்றாம் ஆண்டு முதல் ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் காட்டிய மைல், சோதனையில் தோற்றிருந்தால் அதற்கான காரணம், எச்சரிக்கைக் குறிப்பு எல்லாம் வரிசையாகக் கிடைக்கும். மைல் கணக்கு பின்னோக்கிப் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பலர் மூடிவிடுகிறார்கள். எச்சரிக்கைக் குறிப்புகளைத்தான் ஆறஅமர வாசிக்க வேண்டும். பிரேக் குழாய் இலேசாகத் துருப்பிடித்திருக்கிறது என்ற ஒரே குறிப்பு நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து வந்தால், சோதனையில் எழுதிக்கொடுத்ததை உரிமையாளர் சரிசெய்கிறவர் அல்ல என்று பொருள். டயர்கள் ஒவ்வொரு முறையும் சட்டத்தின் கடைசி வரம்புவரை தேய்ந்த பிறகே மாற்றப்பட்டிருந்தால், அதுவும் அவரைப் பற்றியே சொல்கிறது. பதிவுப் புத்தகமாகிய வி5சி உரிமையைக் காட்டும் சான்று அல்ல. காரை வைத்திருப்பவர் யார் என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஆகவே காரின் மேல் கடன் நிலுவை இருக்கிறதா, விபத்தில் சேதமாகிக் காப்பீட்டு நிறுவனம் அதைச் சேதமான கார்களுக்கான எஸ் அல்லது என் பிரிவில் சேர்த்திருக்கிறதா என்பதைச் சில பவுண்டு கொடுத்துத் தனியே சரிபார்க்க வேண்டும். அப்படிப் பிரிவில் சேர்ந்த கார் எவ்வளவு நன்றாகச் சீர்செய்யப்பட்டிருந்தாலும், விற்கும் நாளில் அந்த எழுத்து முன்னால் வந்து நிற்கும்.

போர்ஷேவுக்கே உரிய இன்னொரு சான்று, எஞ்சின் கணினி தரும் அறிக்கை. ஒரு போர்ஷே மெக்கானிக் தன் கருவியைச் செருகினால், எஞ்சின் எத்தனை முறை அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்றது என்பதை ஆறு நிலைகளாகப் பிரித்துக் காட்டும். கீழ் நிலைகளில் எண்கள் இருப்பது இயல்பு. உற்சாகமாக ஓட்டியவர் வரம்பைத் தொட்டிருக்கிறார் என்று பொருள். மேல் நிலைகளில் எண் இருந்தால், ஐந்தாம் கியரிலிருந்து நான்காம் கியருக்குப் போக வேண்டியவர் தவறி இரண்டாம் கியரைப் போட்டிருக்கிறார். சக்கரங்களே எஞ்சினைப் பிடித்துச் சுழற்றும் அந்த நிலையில் எந்தப் பாதுகாப்பும் குறுக்கே வர முடியாது. ஆட்டோமேட்டிக் காரில் இப்படித் தவற வழியில்லை என்பதால் அங்கே இந்த அறிக்கைக்கு முக்கியத்துவம் குறைவு. மேனுவல் காரில் இதைக் கேட்காமல் விலை பேசுவது தவறு.

அதே அறிக்கையில் இன்னொரு எண்ணும் இருக்கிறது: எஞ்சின் மொத்தம் ஓடிய மணிநேரம். மைலை மணியால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். நான் வாங்கிய காரில் 74,000 மைலுக்கு 2,590 மணி. மணிக்கு 28 மைலுக்குச் சற்று மேல். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து ஓடிய காருக்கு இது பொருந்துகிறது. மீட்டரில் 40,000 மைல் மட்டும் காட்டி, மணிநேரம் 2,600 என்று வந்தால் சராசரி 15 மைல்; அந்தக் கார் வாழ்நாள் முழுவதும் நெரிசலில் நின்றிருக்க வேண்டும், அல்லது மீட்டரைத் தொட்டிருக்கிறார்கள். எந்த விளம்பரத்திலும் இந்த எண்ணைப் பார்க்க முடியாது. கேட்டால்தான் கிடைக்கும்.

வரியைப் பற்றிச் சொல்ல வேண்டியது சுருக்கமானது, ஆனால் விலையில் அதன் பங்கு பெரியது. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியிடும் கார் 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால், சாலை வரியில் ‘கே’ பிரிவோடு நின்றுவிடும். அன்றோ அதன் பிறகோ பதிவானால் மேல் பிரிவுகளுக்குப் போகும். ஆண்டுக்கு ஏறத்தாழ 300 பவுண்டு கூடுதல். ஒரே எஞ்சின் கொண்ட இரண்டு பாக்ஸ்டர் எஸ் கார்களில், பிப்ரவரி 2006 கார் ஏப்ரல் 2006 காரைவிட வாங்குபவருக்கு ஐந்து ஆண்டில் 1,500 பவுண்டு மிச்சம் தருகிறது. ஆண்டு ஒன்றே என்பதால் பல விற்பனையாளர்களே இதைக் கவனிப்பதில்லை. வி5சியில் அந்தத் தேதியையும் வாயு அளவையும் வாசிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

துணிக் கூரையையும் உடலையும் பற்றி இரண்டு குறிப்புகள். கூரை மடங்கும் இடத்தின் இரு பக்கமும் இருக்கும் வடிகால் துளைகள் அடைத்துக்கொண்டால் மழைநீர் காருக்குள் இறங்குகிறது; இருக்கைக்குப் பின்னாலும் அடியிலும் கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி இருந்தால், தொழிற்சாலைப் பூச்சு 100 முதல் 150 மைக்ரான் அளவில் காட்டும். ஒரு கதவு மட்டும் அதைப் போல இரு மடங்கு காட்டினால் காரணம் கேட்க வேண்டும். முன் பம்பருக்கு மறுபடி வண்ணம் அடித்திருப்பதைக் குறையாக நினைக்க வேண்டாம். நெடுஞ்சாலையில் கல் தெறிக்கும் காரில் அது நல்ல பராமரிப்பின் அடையாளம்.

கூடுதல் வசதிகளுக்கு விற்பவர் எதிர்பார்க்கும் விலை வருவதில்லை. புதிதாக வாங்கியபோது ஆயிரக்கணக்கில் செலவழித்த பழைய நேவிகேஷன் திரை இன்று ஒரு சுமைதான். சூடேறும் இருக்கை, செனான் விளக்கு, தானே இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும் சஸ்பென்ஷன் ஆகியவை காரை வேகமாக விற்க உதவுகின்றன. விலையைச் சிறிதளவே உயர்த்துகின்றன. வெளியில் வாங்கிப் பொருத்திய சைலன்சரும் தாழ்த்திய ஸ்பிரிங்கும் விலையைக் குறைக்கின்றன, அசல் பாகங்களைப் பெட்டியில் வைத்திருந்து உடன் கொடுத்தால் ஒழிய. 987இன் முதல் பாதியில் வந்த பழைய டிப்ட்ரானிக் ஆட்டோமேட்டிக் கார்கள் மேனுவலைவிட மலிவாகக் கிடைக்கின்றன. 2009க்குப் பிறகு வந்த இரட்டைக் கிளட்ச் பிடிகே கியர்பாக்ஸுக்கு அந்தக் குறை இல்லை. எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்றும் சிலர் கேட்கிறார்கள். பாக்ஸ்டர்களில் பெரும் பகுதி ஜெர்மனியில் அல்லாமல் பின்லாந்தின் ஊசிகௌபுன்கி நகரத்தில் தயாரானது. சேசிஸ் எண்ணின் 11ஆம் எழுத்தில் அது தெரியும். என் காரும் பின்லாந்து கார்தான். விலையில் இதனால் ஒரு பவுண்டு வேறுபாட்டையும் நான் பார்த்ததில்லை.

இவை எல்லாவற்றையும் எண்ணாக மாற்றும் முறை எளியது. விளம்பரத்தில் கேட்கும் விலைகளை அடிப்படையாக வைக்கக் கூடாது; ஆறு மாதமாக விற்காமல் நிற்கும் காரின் விலையும் அங்கேதான் இருக்கிறது. இணைய ஏலங்களில் முடிவடைந்த விலைகளே உண்மையில் ஒருவர் ஒப்புக்கொண்ட தொகை. அவற்றில் முழு ஆவணத்தோடு, வேலை எதுவும் பாக்கியில்லாத கார் பெற்ற விலையை உச்சமாக எடுத்துக்கொண்டு, நம் முன்னால் நிற்கும் காருக்குச் செய்ய வேண்டிய வேலைகளின் செலவை ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். ஆவணம் இல்லாத ஒவ்வொரு பெரிய விஷயத்தையும், அது செய்யப்படவே இல்லை என்று வைத்தே கழிக்க வேண்டும். நவம்பர் மழையில் வாங்குவதும் ஏப்ரல் வெயிலில் விற்பதும், கூரை திறக்கும் காரைப் பொறுத்தவரை இன்னும் சில நூறு பவுண்டுகளைக் கையில் சேர்க்கும்.

நான்கு ஆண்டில் விலை 700 பவுண்டு மட்டுமே இறங்கியது என்று சொன்னால் பாதிதான் உண்மை. அதே நான்கு ஆண்டில் பராமரிப்புக்கு 5,600 பவுண்டு செலவழித்தேன். கிளட்ச், டயர்கள், இக்னிஷன் காயில்கள், முன்பக்கச் சஸ்பென்ஷன் கைகள், ஆண்டுதோறும் ஆயில். அந்தப் பணம் கூடுதல் விலையாகத் திரும்பி வரவில்லை. விலை விழாமல் நின்றது என்ற வடிவத்தில்தான் வந்தது. மாதத்துக்குச் சுமார் 130 பவுண்டு அளவில் ஒரு போர்ஷேவை வைத்திருந்தேன் என்று கணக்கிட்டால், 23,000 மைல் இன்பத்துக்கு அது நியாயமான செலவு என்றே நினைக்கிறேன். இந்தத் தொகையை ஒதுக்க முடியாதவர்கள், 5,500 பவுண்டு விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம் என்று அக்கறையோடு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் காருக்கும் அதே 5,600 பவுண்டு காத்திருக்கிறது, பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே.

என் காரை வாங்கியவர் பிரிஸ்டலிலிருந்து ரயிலில் வந்த ஓர் இளம் பொறியாளர். நான் 7,900 பவுண்டு கேட்டிருந்தேன். வாசலில் நின்ற காரைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கோப்பைக் கேட்டார். நட்டின் புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, மற்றப் படத்தில் தெரியும் எஞ்சின் எண்ணையும் வி5சியில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு தன் கைப்பேசியில் எம்ஓடி வரலாற்றைத் திறந்து, பின்பக்கப் பிரேக் குழாயில் துரு என்று கடைசி இரண்டு சோதனைகளில் வந்திருந்த குறிப்பைக் காட்டினார். முந்தைய ஆண்டே அதை மாற்றியிருக்க வேண்டும்; அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருந்தேன். அதற்கு 200 பவுண்டு குறைக்க வேண்டும் என்றார். குழாயை மாற்றும் செலவும் ஏறக்குறைய அவ்வளவுதான். மறுபேச்சுப் பேசாமல் 7,700 பவுண்டுக்குக் கையெழுத்திட்டுச் சாவியைக் கொடுத்தேன்.